சுண்ணாம்பு தடவாத கலயம்

வா பேரப்புள்ள, வா. திண்ணையில உக்காரு. விடியக் காலமே வந்து ஆச்சிகிட்ட காப்பி வாங்கிக் குடிச்சிட்டு, என்னையச் சுத்திச் சுத்தி வரும்போதே தெரியும், ஏதோ காரியம் இருக்குன்னு. கல்யாணத்துக்கு மூணு ஞாயித்துக்கெழம கோயில்ல ஓலை வாசிக்கணும். அதுக்கு நீ இந்தச் சபை ஆளுதான்னு ஐயரு எழுதிக் குடுக்கணும். அதுக்கு நான் ஐயருகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். அம்புட்டுத்தானே?

சொல்லுதேன். சொல்லாம எங்க போறேன். ஆனா போன கிறிஸ்மசுக்கு வந்தப்போ இதே திண்ணையில உக்காந்து என்ன சொன்னே? "தாத்தா, எனக்கும் இயேசுவுக்கும் நேரடித் தொடர்பு, நடுவுல சபை எதுக்கு"ன்னியே. அன்னைக்கு நான் பல்லு இல்லாத வாய மூடிக்கிட்டுச் சிரிச்சேன். நேரடித் தொடர்பு உள்ளவன் ஓலையையும் அவரையே வாசிக்கச் சொல்ல வேண்டியதுதானே? கானாவூர் கல்யாணத்துக்குப் போனவரு, உன் கல்யாணத்துக்கு வரமாட்டாரா? ஆனா ஒண்ணு, அவருகிட்ட ரப்பர் ஸ்டாம்ப் கெடையாது. அது ஐயரு மேசையிலதான் இருக்கு.

கோவிச்சுக்காத. முறுக்கு எடு.

நீ சென்னையில சும்மா இல்லன்னு உங்கம்மா சொல்லுதா. பாட்டு நல்லாருக்குன்னு ஒரு சபை. பிரசங்கம் நல்லாருக்குன்னு இன்னொண்ணு. காரு நிறுத்த எடம் இருக்குன்னு மூணாவது ஒண்ணு. மழை பெஞ்சா கட்டில்தான் சபை; செல்ல தலகாணியில சாத்தி வச்சுப் போர்வைக்குள்ள ஆராதனை. கொரோனா வருசத்துல கோயிலப் பூட்டுனாவ, வேற வழியில்லாம நானும் உங்கம்மா செல்லுலதான் ஆராதனை பாத்தேன். கோயிலத் தொறந்து எத்தன வருசமாச்சு! உன் கட்டிலத்தான் இன்னும் தொறக்கல. பிரசங்கம் நீண்டா வெரலால தள்ளி விட்டிரலாமாமே? எங்க காலத்து உபதேசியாரு பேசும்போது அந்த வசதி இருந்திருந்தா எனக்கு இந்த நரை பத்து வருசம் பிந்தி வந்திருக்கும்.

விருந்தாளி வாழ்க்க சொகமானதுதான்லே. போற வீட்டுல எல்லாம் இலை போடுவாவ, ஒரு வீட்டுலயும் பாத்திரம் கழுவச் சொல்ல மாட்டாவ. காப்பியில சீனி கொறஞ்சா அடுத்த வீட்டுக்குப் போயிரலாம். ஆனா அந்த வீட்டுல ஒரு நாள் நீ வரலன்னா, உனக்குன்னு எவனும் சோறு எடுத்து மூடி வைக்க மாட்டான்.

நான் பனையேறி. வேதம் படிச்சது கொஞ்சம், பனை படிச்சது கூடுதல். அதனால எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுதேன், உன் கம்ப்யூட்டர் மூளைக்கு ஏறுதான்னு பாரு. பாளையச் சீவிக் கலயத்தக் கட்டுதோம். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவிருந்தா எறங்குறது பதநீரு. காச்சுனா கருப்பட்டி. ஒரு கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவ மறந்துட்டேன்னு வையி. அதே மரந்தான், அதே பாளைதான், ஊறுன சாறும் அதேதான். விடியுறதுக்குள்ள கள்ளாயிரும். புளிச்சு, நொரச்சு, "என்னைய மாதிரி உண்டா"ன்னு பொங்கிக்கிட்டு நிக்கும். தனியா வேதம் வாசிச்சு, தனியா ஜெபம் பண்ணி, தனியாவே பரிசுத்தவான் ஆனவங்க நாலு பேர நான் பாத்திருக்கேன். சாத்துல கொற சொல்ல முடியாது. "ஏலே, நீ பேசுனது தப்பு"ன்னு சொல்ல ஆளில்லாம நொர தள்ளிப் போச்சு. நாலு பேரும் நாலு விதமா உலக முடிவுக்குத் தேதி வச்சிருக்கான்.

நம்ம கோயில்ல சுண்ணாம்பு யாருன்னு கேட்டா, பொம்பளையாட்கள் பக்கம் மூணாவது வரிசையில உக்காருதாளே, அந்தக் கெழவிதான். "போன வாரம் ஏன் வரல? பொண்டாட்டியப் போட்டு ஏசுனியாமே?" ஆராதன முடிஞ்சு வாசல் எறங்குறதுக்குள்ள கேட்டுருவா. நாக்குல பட்ட மாதிரி எரியும். எரிஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்து உங்க ஆச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன். ஆச்சி இல்லன்னு சொல்லட்டும் பாப்போம்.

வேதத்துல அங்கத்தினர் ரிஜிஸ்டர் எங்க இருக்குன்னும் அன்னைக்கிக் கேட்டே. கூகுள்ல தேடுனியாம், கெடைக்கலியாம். எபேசு சபையப் பாத்துக்கிட்டிருந்த தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுதாரு: 60 வயசுக்குக் கொறஞ்ச விதவைய லிஸ்டுல சேக்காதன்னு. லிஸ்டுன்னா என்னலே? ஏடு இல்லாம பேரக் காத்துலயா எழுதுனாவ? பெந்தெகொஸ்தே நாள்ல 3000 பேரு சேந்தாவன்னு போட்டிருக்கு. பரிசுத்த ஆவி எறங்குன அந்தப் பரபரப்புலயும் ஒருத்தன் தலைய எண்ணிருக்கான் பாரு. அவன் கண்டிப்பா கமிட்டிக்காரனாத்தான் இருந்திருப்பான். ரோமாபுரி நிருபத்தோட கடைசி அதிகாரத்த எடுத்துப் பாரு, ஒரே பேரு பேரா அடுக்கியிருப்பாரு. ரூபுவோட அம்மா தனக்கும் அம்மாதான்னு சொல்லுதாரு பவுலு. செல்லுல ஆராதனை பாத்தா எந்த ஊரு அம்மா உனக்கு அம்மையாவா?

அது கெடக்கட்டும். இன்னொண்ணு கேளு. சகோதரன் தப்பு செஞ்சா தனியாப் போய்ச் சொல்லு, கேக்கலன்னா ஒண்ணு ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போயிச் சொல்லு, அதுக்கும் கேக்கலன்னா சபைக்குச் சொல்லுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. நீ ஒரு தப்பு செய்யிறேன்னு வச்சுக்க. நான் எந்தச் சபைக்குச் சொல்லணும்? பாட்டுச் சபைக்கா, காரு நிறுத்துற சபைக்கா? இல்ல, யூடியூப்ல கீழ ஒரு கமெண்ட் போடணுமா?

பாளையங்கோட்டையில பாப்பாத்தி அம்மா கோயில நீ பைக்குல நூறு தடவ தாண்டியிருப்பே. க்ளோரிந்தா அம்மா கட்டுன கோயிலு. புருசன் செத்த மராத்திப் பிராமணப் பொண்ணு, தஞ்சாவூருக்காரி. லிட்டில்டன்னு ஒரு வெள்ளக்காரத் துரைகூட வாழ்ந்தா. அவருகிட்டத்தான் வேதம் படிச்சா. சுவார்ட்ஸ் ஐயருகிட்டப் போயி ஞானஸ்நானம் கேட்டதுக்கு, கல்யாணம் இல்லாத இந்த வாழ்க்கையில முடியாதுன்னுட்டாரு. நேரடித் தொடர்பு அவளுக்கு இல்லாமலா இருந்துச்சு? உன்னைய விட நல்லா ஜெபம் பண்ணியிருப்பா. "போரும் ஐயரே, நீரும் உம்ம சபையும்"னு அவ போயிருந்தா எவன் கேக்கப் போறான்? போகல. துரை செத்த பொறவு, 1778ல, அதே சுவார்ட்ஸ் ஐயரு கையால ஞானஸ்நானம் எடுத்தா. 1780ல பாளையங்கோட்டச் சபைன்னு 40 பேர ஏட்டுல எழுதுனாவ. திருநெல்வேலித் திருச்சபை அந்த 40 பேருலதான் தொடங்குது. அவ கோயில் கட்டி முடிச்சது 1785ல. கணக்குப் போடு. ஏடு மொதல்ல, செங்கல்லு அஞ்சு வருசம் கழிச்சு.

முதலூரும் அப்படித்தான். வேதத்துக்கு வந்த சனங்கள அங்கங்க தனித்தனியா அடிச்சு வெரட்டுனாவ. தாவீது சுந்தரானந்தம் 1799ல எடம் பாத்து எல்லாரையும் ஒண்ணாக் குடியேத்துனாரு. மொதல் ஊருங்கிறதால முதலூரு. நீ இப்ப அங்க போறது மஸ்கோத்து அல்வா வாங்க மட்டுந்தான், தெரியும். வரும்போது எனக்கும் ஒரு கால் கிலோ வாங்கிட்டு வந்திரு. மெல்ல வேண்டாம், அதுபாட்டுக்கு எறங்கும்.

சரி, உன் பெரிய குற்றச்சாட்டுக்கு வாரேன். "சபைக்குள்ள ஒரே சண்ட தாத்தா, தேர்தலு, கோர்ட்டு, கேசு." ஆமா. நான் இல்லன்னு சொன்னேனா? திருமண்டலத் தேர்தல் வந்தா நம்ம ஆட்கள் வேட்டிய மடிச்சுக் கட்டுறதப் பாத்தா எம்.எல்.ஏ. எலக்சனே தோத்துப் போகும். வருசம் முழுக்கக் கோயிலு வாசல மிதிக்காதவன் அன்னைக்கு மட்டும் வேன் வச்சு வாரான். சாதி பாத்து ஓட்டுப் போடுதான். செத்த பொறவும் விடாம, கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சாதிச் சுவரு வச்ச ஊரும் இந்தத் தமிழ்நாட்டுல உண்டு. அத நெனச்சா எனக்கு நையாண்டி வரல, நாக்கு ஒட்டிக்கிடுது. ஆனா ஒண்ணு கேக்கேன். அந்தச் சுவர இடிக்கச் சொல்லி எவன் கை தூக்க முடியும்? ஏட்டுல பேரு உள்ளவன்தான் கூட்டத்துல கை தூக்க முடியும். வெளிய நின்னு மூக்கப் பொத்துறவன் சொல்லு அம்பலம் ஏறாது. நாறுதுன்னு சொல்லிக்கிட்டு சென்னைக்கு பஸ் ஏறுனா, நாத்தம் பாட்டுக்கு இங்கயே கெடக்கும்.

சண்ட ஒண்ணும் புதுசுமில்ல. ரேனியஸ் ஐயரு இருந்தாரே, செர்மன்காரரு, 1820ல பாளையங்கோட்டைக்கு வந்து ஊரு ஊரா சபை உண்டாக்குனவரு. உபதேசியாருமாருக்கு ஆயர் பட்டம் குடுக்குற விசயத்துல மிசன்காரங்களோட முட்டிக்கிட்டாரு, 1835ல அவர வெலக்கிட்டாவ. மனுசன் என்ன செஞ்சாரு? எனக்குச் சபையே வேண்டாம்னு மல ஏறிட்டாரா? கூட வந்த சபைகள நடத்திக்கிட்டுத்தான் 1838ல கண்ண மூடுனாரு. இந்தால, நாசரேத்துப் பக்கம் பிரகாசபுரத்துல சட்டாம்பிள்ளை. வெள்ளக்காரக் குருமாரு போக்கு பிடிக்கல. 1857 வாக்குல வெட்டிக்கிட்டுப் போனாரு. போயி என்ன செஞ்சாரு தெரியுமா? இன்னொரு சபை வச்சாரு! சனிக்கெழம ஆராதனை, சாம்பிராணிப் பொக, எல்லாம் தனி முறை. இதுல எனக்கு ஒரு சந்தோசம். நம்ம சீமையில அத்தன கோவக்காரனும் சண்ட போட்டுக்கிட்டு வெளிய போனான், ஆனா ஒத்தையா எவனும் போகல. கூட்டத்தோட போனான். கூட்டம் இல்லன்னா கூட்டுனான். ஒத்தையாப் போயிப் போர்வைக்குள்ள படுத்தது உங்க தலமொறைதான்.

இன்னொண்ணும் சொல்லணும். 1947ல, சுதந்திரம் வந்து ஆறு வாரத்துல, செப்டம்பர் 27ஆம் தேதி சென்னையில ஆங்கிலிக்கன், மெதடிஸ்டுன்னு தனித்தனியா மொறச்சுக்கிட்டு இருந்த சபைக்காரங்க ஒண்ணாச் சேந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனாவ. பிஷப்பு உண்டுங்கிறவனும் பிஷப்பே கூடாதுங்கிறவனும் ஒரே கோயில்ல நின்னான். எத்தன வருசம் பேசிப் பேசித் தீத்திருப்பாவ! உனக்கு இருக்கிறது ஒரே ஒரு ஆளு, அதுவும் நீதான். உன்னைய ஒரு சபையில சேக்க முடியல.

நற்கருணை அன்னைக்கு நான் முட்டி போடுவேன். முட்டி போட்டா எந்திரிக்க ரெண்டு பேரு வேணும், அது வேற. பக்கத்துல யாரு? எம் வரப்ப ஒரு முழம் வெட்டித் தன் வயலோட சேத்துக்கிட்டவன். பாத்திரம் அவன் வாயில இருந்துதான் எனக்கு வரும். நல்ல மனுசன் பக்கத்துல போயி முட்டி போடலாமேன்னா, அவனும் என்னையத் தேடி வந்து அங்கனதான் முட்டி போடுதான். குடிச்சிட்டுப் போயி அடுத்த நாளு அவன்கிட்ட எப்படிலே கேசு பேசுறது? முணுமுணுத்துக்கிட்டே அளந்து பாத்தோம். அவன் வெட்டுனது முக்கால் முழந்தான்.

அசனப் பண்டிகையச் சொல்லாம விட்டா உங்க ஆச்சி என்னைய ஏசுவா. வீட்டுக்கு வீடு அரிசி வரும், காய்கறி வரும், ஆடு வரும். கோயில் வளாகத்துல அடுப்பு வெட்டி, அண்டா அண்டாவா எறக்கி, பாய விரிச்சுச் சோத்தக் கொட்டி மல மாதிரி குமிச்சிருப்பாவ. வெளிநாட்டுல இருந்து லட்ச ரூவா அனுப்புனவனுக்கும், படி அரிசி குடுத்த கைம்பொண்ணுக்கும் ஒரே கரண்டி. சட்டியத் தூக்கிட்டு மறுவாட்டி வரிசையில நிக்குறவனையும் எனக்குத் தெரியும். அவன் பேரன்தான் நீ. அந்தச் சோத்த ஸ்விக்கியில வரவழைச்சுத் தின்னு பாரு, அந்த ருசி வராது. எதுக்குன்னு கேட்டா, பக்கத்து எலையில இருக்கிறவன் "இன்னுங் கொஞ்சம் ஊத்துவே"ன்னு உனக்காகச் சத்தம் போட மாட்டான்.

வெள்ளாளன்விளையில பொறந்த அசரியா இருந்தாரே, 1912ல ஆங்கிலிக்கன் சபையோட மொதல் இந்திய பிஷப்பு ஆனவரு. அவரு மத்த ஆட்களோட சேந்து 1903ல இந்திய மிஷனரிச் சங்கத்தத் தொடங்குனப்போ வெள்ளக்காரன் பணம் வேண்டாம்னுட்டாவ. நம்ம ஆளு, நம்ம காசு. காசு ஏது? உங்க ஆச்சியோட ஆச்சி மாதிரி பொம்பளையாட்கள் ஒல வைக்கும்போது ஒரு பிடி அரிசிய எடுத்துத் தனிப் பானையில போடுவாவ. ஒரு வீட்டுப் பிடியரிசியில ஒரு கோழிக்குத்தான் தீனி வைக்கலாம். ஏட்டுல இருந்த அத்தன வீட்டுப் பிடியரிசியும் சேந்தா மிஷனரியத் தெலுங்குச் சீமைக்கு அனுப்பலாம்.

இப்ப எங்கத. யாருகிட்டயும் சொல்லாத, ஊருக்கே தெரியும், ஆனாலும் சொல்லாத.

உங்கம்மா சின்னப் புள்ளையா இருக்கும்போது ஸ்தோத்திரப் பண்டிக. எந் தோட்டத்து மொதல் பூசணிக்காயக் காணிக்கையா வச்சேன். ஆளு ஒசரத்துக்கு இருக்கும்... சரி, முழங்கால் ஒசரம். ஏலம் விடும்போது மேலத்தெரு வாத்தியாரு எந்திரிச்சு, "ரெண்டு ரூவா, உள்ள சொத்தையா இருந்தாலும் இருக்கும்"ன்னாரு. கோயில் முழுக்கச் சிரிச்சுது. ஐயரும் சிரிச்சாரு, அத நான் பாத்தேன். அன்னைக்குத் துண்ட ஒதறித் தோள்ல போட்டவன்தான். நாலு வருசம் கோயிலு வாசல மிதிக்கல. வீட்டுலயே ஜெபம். எனக்கும் ஆண்டவருக்கும் நேரடித் தொடர்பு! நீ ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிக்கல, எம் ரத்தந்தானே உனக்குள்ள ஓடுது.

நாலு வருசம் சங்கக் காணிக்க கட்டலன்னா பேரு நிக்குமா? உங்கம்மாவுக்குத் திடப்படுத்தல் வந்துச்சு, உன்னைய மாதிரியே கடுதாசிக்குப் போயி நின்னேன். பாக்கியக் கேப்பாவ, மானம் போகும்னு மடியில காசோட போயிருக்கேன். ஐயரு ஏட்டப் பொரட்டுனாரு. "உமக்குப் பாக்கி ஒண்ணும் இல்லியே"ன்னாரு. நாலு வருச ரசீதும் அடியில இருக்கு. எழுத்து யாரு எழுத்து? வாத்தியாரு எழுத்து!

எனக்கு வந்துச்சே கோவம். நேரா மேலத்தெருவுக்குப் போனேன். "எவன் வே உம்மக் கட்டச் சொன்னான்?" மனுசன் வெத்தலைய மென்னுக்கிட்டே சொல்லுதாரு: "நீரு இல்லாம கமிட்டியில நான் என்ன சொன்னாலும் எல்லாவனும் ஆமாங்கான். கூட்டத்துல எனக்குத் தூக்கம் வருது. பேர வெட்டிட்டா உம்மத் திரும்பச் சேக்க ஆயிரம் நடைமுற. அதான் கட்டுனேன்." நான் திரும்பி நாலடி வச்சிருப்பேன். பின்னாலருந்து சத்தம் கேக்கு: "பூசணி சொத்ததான் வே, நான் அறுத்துப் பாத்தேன்!"

அடுத்த ஞாயித்துக்கெழம போனேன். எதுக்கு, அந்தப் பொய்யக் கமிட்டியில வச்சுக் கிழிக்கத்தான். இருபத்தி மூணு வருசம் கிழிச்சேன். அவரு செத்தன்னைக்கு மணியடிக்குற பையன் ஊருல இல்ல. நான்தான் கயிறு புடிச்சேன். அடிச்சு முடிச்சு எறங்குனப்போ, இனிமே கூட்டத்துல எனக்குல்லா தூக்கம் வரப்போகுதுன்னு தோணுச்சு.

செத்த இரு, கண்ணுல என்னமோ விழுந்துட்டு. தேரிக்காட்டு மண்ணு, காத்தடிச்சா இப்படித்தான்.

சரி, எந்திரி. சாயங்காலம் ஐயரு வீட்டுல இருப்பாரு. கூடவே நானும் வாரேன். கடுதாசி வாங்குறதோட முடியாது, சொல்லிட்டேன். சென்னைக்குப் போனதும் வீட்டுக்குப் பக்கத்துல நடந்து போற தூரத்துல ஒரு கோயிலப் பாரு. நல்ல பாட்டு வேண்டாம், நல்ல பிரசங்கமும் வேண்டாம். நல்லாக் கேள்வி கேக்குற ஒரு கெழவி இருக்காளான்னு மட்டும் பாரு. இருந்தா இங்கருந்து கடுதாசிய மாத்தி வாங்கி, பொண்டாட்டியும் நீயும் பேர எழுதுங்க.

என்ன முழிக்கே? ஒம்பது வருசமா காணிக்க கட்டாதவனுக்கு ஐயரு எப்படிக் கடுதாசி குடுப்பாருன்னா? உள்ள போயி அந்தத் தகரப் பெட்டியத் தொற. துணிக்கு அடியில மஞ்சப் பை இருக்கும். ஒம்பது வருசத்து ரசீதும் உம் பேருலதான் இருக்கு. எடுத்துட்டு வந்து கூட்டிச் சொல்லு, எனக்குக் கண்ணு தெரியல. வட்டி வேண்டாம். மொதல மட்டும் எண்ணி வையி.

ஜிபே எல்லாம் வேண்டாம்லே. நோட்டாக் குடு.